குதிகால்

இன்றைக்கு இரண்டு நாடகங்கள் முடிந்துவிட்டன. மூன்றாவது தொடங்கப்போகிறது. உட்கார்ந்த இடம் மரத்துப் போயிருக்கிறது. பலகையில் இரவுப் பனியின் ஈரம் இன்னும் காயவில்லை. விடியுமுன் வந்து உட்கார்ந்தவனுக்கு இந்நேரம் முதுகில் வெயில் பட்டிருக்க வேண்டும். படவில்லை. திருவிழா தொடங்கிய நாளிலிருந்து ஏதென்ஸின் மேல் மேகம்தான். திராட்சைக் கடவுள் தியோனிசோஸை மரச்சிலையாகச் செய்து முன்வரிசையில் வைத்திருக்கிறார்கள், அவரும் நாடகம் பார்க்கட்டும் என்று. அவருக்குக் கண் சொருகாது. முதுகு வலிக்காது. எனக்கு இரண்டும் உண்டு, ஆனால் நான் தூங்கக் கூடாது. நான் தீர்ப்பாளன். பத்துக் குலத்துக்குப் பத்துப் பேர். குடத்தில் கைவிட்டுப் பெயர் எடுத்தார்கள். லைசானியாஸ், தோல் பதனிடுகிறவன், என்று கட்டியக்காரன் கூவியபோது பின்வரிசையில் எவனோ மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிக்கட்டும். அவன் காலில் போட்டிருக்கும் செருப்பு என் தொட்டியில் ஊறியதுதான். இறங்கிப் போய்க் கையை உயர்த்திச் சத்தியம் செய்தேன். நல்லதை நல்லது என்பேன், கெட்டதைக் கெட்டது என்பேன். சொல்லும்போதே தெரியும், நான் செய்யப்போவது அது இல்லை. மூன்று கவிஞர்கள், நாளுக்கு ஒருவன், ஆளுக்கு மூன்று சோக நாடகம். இன்று கடைசியாள், தேரோன். அவனை மூன்றாவதாக வைக்கப்போகிறேன். அவன் என்ன எழுதியிருந்தாலும் சரி. அவன் போரிலிருந்து திரும்பி வந்தான், என் மகன் வரவில்லை. இதற்குமேல் காரணம் வேண்டுமா? வேண்டாம். நாங்கள் வரிசை எழுதிய பத்துத் தகடுகள் குடத்துக்குள் விழும், அதில் ஐந்தைத்தான் எடுத்துப் படிப்பார்கள். மற்ற ஐந்தும் கடவுளுக்கு. என்னுடையது எந்த ஐந்தில் விழும் என்று தெரியாது. எதில் விழுந்தாலும் அதில் தேரோனின் பெயர் அடியில் இருக்கும். அது போதும்.

பக்கத்தில் ஸ்திராத்தோன். அவனும் தீர்ப்பாளன், துறைமுகத்தில் மீன் விற்கிறவன். மீன் நாற்றமும் தோல் நாற்றமும் சேர்ந்தால் மூன்றாமவன் பக்கத்தில் உட்கார மாட்டான், அதனால் எங்களுக்குப் பலகையில் இடம் தாராளம். வாய் ஓயாமல் தின்கிறான். "பெரியவரே, கொண்டைக்கடலை?" வேண்டாம். "பூண்டு?" வேண்டாம். "வெறும் வயித்தோட தீர்ப்புச் சொன்னா உம்ம கணக்குல எல்லாருமே கடைசியாத்தான் வருவாங்க." அவனே சொல்லி அவனே சிரித்தான். கடலைத் தொலி என் மடியில் விழுந்தது. தட்டிவிட்டேன். களத்தின் நடுவில் குழல்காரன் கன்னத்தில் தோல்பட்டை கட்டிக்கொண்டிருக்கிறான், இரட்டைக் குழல் ஊதும்போது கன்னம் கிழியாமல் இருக்க. நல்ல தோல். கன்றுத்தோல். யாரிடம் வாங்கினான்? காலையில் புறப்படும்போது ஆர்கிப்பே வாசல்வரை வந்தாள். என் மனைவி. வீட்டுப் பெண்கள் நாடகத்துக்கு வருவதில்லை. மூன்று நாளும் வாசல்வரை வந்தாள். "இன்னைக்காவது ஒழுங்காப் பார்த்துட்டு வந்து சொல்லு." சரி என்றேன். நேற்றும் சரி என்றேன். நேற்றுச் சாயங்காலம் கஞ்சிக் கலயத்தை முன்னால் வைத்துவிட்டு, "என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். செத்தாங்க. "யாரு?" எல்லாரும். "எப்படி?" உள்ளே போய்ச் செத்தாங்க. கலயத்தை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாதிக் கஞ்சி இருந்தது அதில். வேறு என்ன சொல்வது? அதுதானே நடந்தது. முகமூடி போட்டுக்கொண்டு இரண்டு பேர் மாறி மாறிப் பேசினார்கள், பாட்டுக்குழு சுற்றிச்சுற்றி வந்தது, கடைசியில் செத்தார்கள். எனக்கு நீட்டத் தெரியாது. நீட்டத் தெரிந்தவன் அந்த வீட்டில் ஒருவன் இருந்தான்.

பிலினோஸ். ஒரே தரம் கேட்டால் போதும், முழு நாடகமும் அவன் தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் அம்மாவின் முன்னால் நின்று முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பான். அவள் மாவு பிசைவாள், இவன் சொல்வான். ராணி சொன்னது, வேலைக்காரி சொன்னது, பாட்டுக்குழு பாடியது எல்லாமே ஒரே குரலில். அந்தக் குரல் இருக்கிறதே, எண்ணெய் காணாத கதவுக் கீல். என் குரல்தான், என் அப்பாவின் குரல்தான். எங்கள் வம்சத்தில் ஒருத்தனுக்கும் தொண்டை கிடையாது. வார்த்தை எங்காவது தட்டினால் இடது காதுமடலைப் பிடித்து இழுப்பான். இழுத்ததும் வந்துவிடும், காதுக்குள் கயிறு கட்டி வைத்திருந்தது மாதிரி. தொட்டி மேல் நின்று தோலைக் குத்திக்கொண்டே சொல்வான். நான் தோல் ஊறுவதற்கான மரப்பட்டையை வெட்டிப்போட்டபடி, டேய், சுருக்கமாச் சொல்லு என்பேன். "சுருக்கினா அது நாடகம் இல்லைப்பா, செய்தி" என்பான். திருவிழாவின் சிறுவர் குழுவில் அவனைச் சேர்த்தார்கள். ஐம்பது பையன்களில் ஒருவன். பாட்டு வாத்தியார் இரண்டாம் நாளே என்னிடம் வந்து, "உங்க பையன் வாயை மட்டும் அசைக்கட்டும். காத்து வெளிய வரவேண்டாம்" என்றார். அவன் அழவில்லை. வாயை அசைத்தான். பக்கத்தில் நின்றவன் இந்தத் தேரோன். குயவர் தெருப் பையன். தொண்டையில் தேன். ஆனால் வார்த்தை நிற்காது, தெருவில் பாடிக்கொண்டு போகும்போது பாதியில் வெறும் லாலலா ஆகிவிடும். இருவரும் ஒட்டிக்கொண்டே திரிந்தார்கள். என் முற்றத்தில் எத்தனை நாள் தின்றிருப்பான்? அத்திப்பழம் தின்றுவிட்டுக் காம்பைத் தொட்டிக்குள் போடுவான். நான் கத்துவேன். ஒரே கப்பலில்தான் போருக்குப் போனார்கள், கடலுக்கு அப்பால் ஒரு தீவில் இருக்கும் சிராக்கூஸ் நகரத்துக்கு. அந்தத் தீவைப் பிடித்துவிட்டு அறுவடைக்குள் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். ஊரே துறைமுகத்தில் நின்று கையசைத்தது. நான் கையசைக்கவில்லை, நாற்றம் பிடித்த கை. பிலினோஸ் மேல்தட்டில் நின்று வாயை அசைத்தான். என்னவோ சொன்னான். காற்றில் கேட்கவில்லை.

எக்காளம். முன்னுரை ஆரம்பித்துவிட்டது. நரைமுடி முகமூடி போட்ட ஒருவன் தடியை ஊன்றி நிற்கிறான். கிழட்டு அரசனாம். அவன் மகன் தூர தேசத்துக்குப் போனானாம், உப்புக் கடலுக்கு அப்பால், அங்கே இருக்கும் அரசன் பிடித்து வைத்துக்கொண்டானாம், செய்தி இல்லையாம். தினமும் கடற்கரைக்கு வந்து நிற்கிறானாம். சரி. நில். நிற்பதில் என்ன இருக்கிறது, ஊரில் பாதிப் பேர் நின்றோம். நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு, அது எனக்கு எப்போதுமே எரிச்சல். மேடையில் எவனும் சாகக் கூடாது. கத்தியோ கல்லோ கடலோ, எல்லாம் கண்ணுக்கு அப்பால்தான். பிறகு எவனாவது மூச்சிரைக்க ஓடிவருவான். ஐயோ, கேளுங்கள் என்பான். கேட்பார்கள். எந்தக் கை, எந்தப் பக்கம் விழுந்தான், கடைசியாக என்ன சொன்னான், ஒன்று விடாமல் சொல்வான். தகப்பன் நின்று கேட்பான், தாய் கேட்டுவிட்டு உள்ளே போவாள். அப்படி ஒருவன் வந்தே தீருவான், வராவிட்டால் நாடகம் முடியாது. எங்களுக்கு எவன் வந்தான்? துறைமுகத்தில் ஒரு நாவிதன் கடை. வெளியூர்க்காரன் ஒருவன் முடிவெட்ட உட்கார்ந்து, உங்கள் படைதான் அழிந்துபோயிற்றே என்று ஊருக்கே தெரிந்த விஷயம் போலப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறான். நாவிதன் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து சந்தையில் கத்தினான். பொய் சொல்கிறான் என்று அவனைச் சக்கரத்தில் கட்டி முறுக்கினார்கள். அதுதான் எங்களுக்கு வந்த தூதன். அவனுக்கும் எந்தக் கை, எந்தப் பக்கம் என்று தெரியாது. எல்லாரும் என்றான். அவ்வளவுதான். எல்லாரும். அன்று ராத்திரி ஆர்கிப்பே கேட்டாள், எப்படி? எனக்குத் தெரியாது என்றேன். இன்றுவரை தெரியாது.

பாட்டுக்குழு வந்துவிட்டது. பன்னிரண்டோ பதினைந்தோ பேர், மீனவர்களாம், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு. ஸ்திராத்தோன் என் விலாவில் இடித்தான். "இவனுங்க மீனவனா? வலையை எப்படிப் பிடிச்சிருக்கான் பாரும், பொண்டாட்டி துணியை உலர்த்துற மாதிரி." பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாட்டு நீளம். கடலே கடலே என்று மூன்று தரம் வந்துவிட்டது. கடலுக்குக் காது கிடையாது. ஒருவன் ஒரு தப்படி முந்தி வைக்கிறான், மற்றவன் பிந்தி வைக்கிறான், பழக்கம் போதவில்லை. வார்த்தை மட்டும் பரவாயில்லை. இல்லை, பரவாயில்லை என்று நான் நினைக்கவில்லை. ஏன் நினைக்க வேண்டும்? பிழைத்து வந்தவர்கள் சிலர் சொன்னார்கள். சிராக்கூஸில் பிடிபட்டவர்களைக் கல் வெட்டுகிற குழிகளில் தள்ளினார்களாம். மேலே கூரை கிடையாது. பகலில் வெந்தார்களாம், இரவில் நடுங்கினார்களாம், செத்தவனுக்கு மேல் சாகாதவன் கிடந்தானாம். அந்த ஊர்க்காரர்களுக்கு நம் நாடகப் பாட்டென்றால் உயிராம். குழி விளிம்பில் வந்து நின்று, பாடுங்கடா என்பார்களாம். பாடத் தெரிந்தவனுக்கு ரொட்டி எறிந்தார்களாம், நன்றாகப் பாடியவனை மேலே தூக்கி வீட்டுக்கு வேலைக்குக் கூட்டிப்போய்ப் பிறகு அவிழ்த்து விட்டார்களாம். தேரோன் பாடினான். தொண்டையில் தேன். வந்துவிட்டான். வந்தவன் என் வாசலை மிதித்தானா? என்னைக் கண்டால் தெரு மாறுகிறான். ஒருமுறை சந்தையில் நேருக்கு நேர் வந்தவன், ஒலிவக்காய்க் கூடைக்குப் பின்னால் குனிந்துகொண்டான், செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி. வார் நன்றாகத்தான் இருந்தது. நான் பார்த்தேன். தின்றவன் முழிக்கிற முழி அது. என் மகனுக்குக் கீல் குரல், எவன் ரொட்டி எறிவான்? இவன் விழுங்கியிருப்பான், அவன் பார்த்திருப்பான். அதற்குப் பிறகு இவன் கவிஞனாகிவிட்டான், ஐவிக் கொடியின் இலையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தான். நான்காம் தரமும் கடலே. என் குதிகால் பலகையின் அடிக்கட்டையை உதைத்தது. நானாக நினைத்து உதைக்கவில்லை. இல்லை, நினைத்துத்தான். காலையிலிருந்து அதற்காகவே காலை வைத்துக்கொண்டிருந்தேன். தக். நாடகம் பிடிக்காவிட்டால் இங்கே பலகையை உதைப்பார்கள், ஆனால் தீர்ப்பாளன் உதைக்கக் கூடாது. தக். தக்.

ஸ்திராத்தோன் திரும்பிப் பார்த்தான், வாய் நிறையக் கடலை. கண் மின்னியது. "ஓஹோ," என்றான், "பெரியவருக்குக் கால்ல உயிர் வந்துடுச்சு." அவனும் உதைத்தான். அவன் கனம் மூன்றாள் கனம், பலகையே குதித்தது. பின்வரிசையில் இருந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? விடிகாலையிலிருந்து உட்கார்ந்திருக்கிற கூட்டம், குளிர்ந்த கால்கள், மேகம், நீளப்பாட்டு. தக்தக்தக் என்று வரிசை வரிசையாக மேலே ஏறிப்போயிற்று. எங்கோ உச்சியில் ஒருவன் சீழ்க்கை அடித்தான். ஒரு அத்திப்பழம் களத்தில் போய் விழுந்து, வலை பிடித்தவன் காலில் நசுங்கியது. எனக்குள் ஒரு சூடு. குளிருக்கு இதமாக, குடித்தது மாதிரி. தேரோன் பின்கொட்டகைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். கேள். ஒலிவக்கூடை இல்லை அங்கே. சிரித்தேனா? சிரித்திருப்பேன். கிழட்டு அரசன் தடியைத் தட்டி ஏதோ சொல்கிறான், காதில் விழவில்லை. பாட்டுக்குழு ஒதுங்கியது. அப்போதுதான் பக்கவழியில் ஒருவன் ஓடிவந்தான், கந்தல் கட்டிக்கொண்டு, சுண்ணாம்பு வெள்ளை முகமூடியோடு, முழங்கால்வரை வெள்ளை. கல்தூள். கடல் கடந்து வந்தவனுக்கு ஏன் கல்தூள்? தூதன். வந்துவிட்டான். வராவிட்டால் நாடகம் முடியாதே. அரசே, கேள், என்றான். நல்ல குரல், இரைச்சலுக்கு மேலே வந்தது. உன் மகனை அடைத்தது மாளிகையில் இல்லை, சிறையிலும் இல்லை. கல்லை வெட்டி எடுத்த குழியில். கூரை கிடையாது.

கூட்டம் ஒரு நொடி நின்றது. ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா? பிறகு விட்டார்கள். நகரத்துக்கு அதன் சொந்தச் சாவை நினைவூட்டக் கூடாது, அதற்காக முன்னொரு கவிஞனைத் தண்டித்தே இருக்கிறார்கள். உப்புக் கடல், பழைய அரசன் என்று எத்தனை போர்த்தினாலும் குழி குழிதான். ஒவ்வொரு வரிசையிலும் எவனாவது ஒருவனின் மகனோ தம்பியோ அந்தக் குழியில் கிடக்கிறான். இதுவரை விளையாட்டாக உதைத்த கால்கள் இப்போது நிஜமாகவே உதைத்தன. நிறுத்துடா, என்றான் ஒருவன். வெளிய போ. என் காலும் அடித்துக்கொண்டுதான் இருந்தது, பழக்கிய மாடு மாதிரி. தூதன் நிற்கவில்லை. இரண்டு பேர் இருந்தார்கள் அரசே, என்றான். ஒருவனுக்குக் குரல் இருந்தது, வார்த்தை நிற்காது. தக்தக். இன்னொருவனுக்கு வார்த்தை இருந்தது, முழு வார்த்தையும், ஆனால் குரல் … தக்தக்தக் … கதவு திறக்கிற குரல். என் கால் நின்றது. விளிம்பில் வந்து பாடச் சொன்னார்கள். குரல்காரன் வாயைத் திறந்தான், இரண்டு வரிக்குப் பிறகு ஒன்றும் இல்லை. அப்போது பக்கத்தில் கிடந்தவன், எழுந்து உட்கார முடியாதவன், கீழே கிடந்தபடியே … தூதன் கையைத் தூக்கினான். முகமூடியின் இடது பக்கம். சுண்ணாம்புக் காது. அதைப் பிடித்து இழுத்தான்.

வாய்க்குள் பட்டைத் தண்ணீரின் கசப்பு. அந்தக் காதை எவனும் எழுத முடியாது, பார்த்தவனைத் தவிர. ஸ்திராத்தோனின் முழங்காலைப் பிடித்து அமுக்கினேன். நிறுத்து. "என்ன பெரியவரே?" நிறுத்துய்யா. கேக்கணும். "நீர்தானய்யா ஆரம்பிச்சீர்!" என்று சிரித்துக்கொண்டே இன்னும் பலமாக உதைத்தான். ஆமாம். நான்தான். தூதன் சொல்லிக்கொண்டே இருந்தான், துண்டு துண்டாக வந்தது. ஒவ்வொரு வரியாக அவன் கிசுகிசுக்க இவன் பாடினான். எறிந்த ரொட்டியை … தக்தக் … பாதி … தக் … வேண்டாம் என்றான், நாளைக்கு எந்தப் பாட்டு என்று … பாதி யாருக்கு? யார் வேண்டாம் என்றது? எழுந்து நின்றேன். கத்தினேன். சும்மா இருங்கடா! கேக்க விடுங்கடா! எங்கள் வம்சத்துக் குரல். கீல். பின்னாலிருந்து ஒருவன் அதே மாதிரி கிறீச்சென்று கத்திக் காட்டினான், வரிசையே சிரித்தது. "தோல்காரரே! உக்காரும், நாத்தம் மேல வருது!" தீர்ப்பாளனே எழுந்து கத்துகிறான் என்றதும் மற்றவர்களுக்கு உற்சாகம், நான் துரத்தச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒலிவக்காய் பறந்தது, கடலை பறந்தது. தூதன் இரண்டடி முன்னால் வந்து அரசனை விட்டு எங்கள் பக்கம் திரும்பினான். மூன்றாம் நாள் அவனைத் தூக்கிக்கொண்டார்கள், பாடியவனை மட்டும், கயிறு கட்டி, அப்போது கீழே கிடந்தவன் சொன்னான், என் தகப்பனிடம் சொல் … அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மலைச்சரிவு முழுக்கக் குதிகால். முகமூடியின் வாய் திறந்தேதான் இருக்கிறது, எப்போதும் திறந்த வாய், அதற்குள் உதடு அசைகிறதா என்று தெரியவில்லை. கை மட்டும் அசைந்தது. காற்று வெளியே வரவில்லை. துறைமுகத்தில் மேல்தட்டில் நின்ற மாதிரி. என்னடா சொன்னான்? என்னடா சொன்னான் அவன்? எக்காளம் ஊதினார்கள். விழாத் தலைவர் கையைக் காட்டினார். தூதனும் அரசனும் உள்ளே போனார்கள். மீனவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். வெற்றி பெற்றவர்கள் மாதிரி எல்லாரும் கை தட்டினார்கள்.

பிறகு குதிரைவால் கூத்து. ஒவ்வொரு கவிஞனும் மூன்று அழுகைக்குப் பின் ஒரு சிரிப்புத் தர வேண்டும், அது விதி. குதிரைவால் கட்டிய ஆட்கள் இடுப்பில் பெரிய தோல் குறியைத் தொங்கவிட்டு ஆடுகிறார்கள். அது என் தோல், போன மாதம் கொடுத்தது, அப்போதே எதற்கு என்று தெரியும். ஊர் விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஸ்திராத்தோனுக்குக் கண்ணில் தண்ணீர். "இதை முதல்லயே விட்டிருக்கலாம்," என்கிறான். நான் உட்கார்ந்திருக்கிறேன். பாதி ரொட்டி. அந்த முற்றத்தில் அத்திப்பழம் தின்றவன் பாதி கொடுத்தான், அல்லது கொடுக்கப்போய் மற்றவன் வேண்டாம் என்றான். அல்லது இவன் வேண்டாம் என்றானா? எதுவும் சரியாகப் பிடிபடவில்லை. என் தகப்பனிடம் சொல். என்னவென்று? திட்டியிருப்பான். திட்டட்டும். ஏதாவது தோலைத் தொட்டியிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன் என்றிருப்பான். அவன் அப்படித்தான், எங்கே இருந்தாலும் வேலையைச் சொல்வான். அல்லது வெறும் சும்மா ஒரு வார்த்தை. தேரோன் ஊரெல்லாம் கேட்க எழுதி, பழக்கி, முகமூடி மாட்டி, ஓட விட்டு, என் பக்கம் திருப்பியும் விட்டான். நான் உதைத்துக்கொண்டிருந்தேன். கட்டியக்காரன் வந்து தகட்டையும் எழுத்தாணியையும் கொடுத்தான். "மூணு பேரையும் வரிசையா, பெரியவரே." காலையில் நினைத்த வரிசை என்ன? தேரோன் அடியில். இப்போது? மேலே போட்டால் என்ன, ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். ஆனால் கையை உயர்த்திச் சத்தியம் செய்தவன் நான். பாட்டுக்குழு தப்படி தவறியது. கடல் நாலு தரம் வந்தது. நாடகம் மோசம். மகனைச் சொன்னான் என்பதற்காக மோசம் நல்லதாகிவிடுமா? பிலினோஸ் இருந்தால் அவனே சொல்லியிருப்பான், நடுவில் தொய்கிறதுப்பா என்று. அடியில் எழுதினேன். காலையில் எழுத இருந்த அதே பெயர், அதே இடம். காலையில் நினைத்த காரணம் வேறு. குடத்தில் போட்டேன். ஐந்தை எடுத்துப் படித்தார்கள். ஐந்திலும் தேரோன் கடைசி. யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஜெயித்தவன் தலையில் ஐவி வைத்தார்கள். கூட்டம் மேலே நகர்ந்தது, நான் கீழே இறங்கினேன். "அந்தப் பக்கம் எங்கய்யா, வீடு இந்தப் பக்கம்!" என்று ஸ்திராத்தோன் கூப்பிட்டான்.

கொட்டகைக்குப் பின்னால் கயிறும் கட்டையும். முகமூடிகள் ஆணியில் தொங்குகின்றன, அரசன், மீனவன், மீனவன். கந்தலைக் கழற்றாமலே ஒரு நடிகன் கிண்ணத்தில் குடித்துக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் சுண்ணாம்பு. தேரோன் கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்திருந்தான். தோளில் நசுங்கிய அத்திப்பழம். என்னைப் பார்த்ததும் எழுந்தான், இடமும் வலமும் பார்த்தான். மாறிப்போகத் தெரு இல்லை அங்கே. நரைத்துவிட்டான். என் மகன் வயது. "ஐயா," என்றான். கடைசியில் போட்டேன், என்றேன். "தெரியும்." நாடகம் மோசம். "தெரியும் ஐயா." பின்னே எதுக்கு எழுதினே? தோளில் ஒட்டிய அத்திப்பழத்தை விரலால் வழித்தான். "உங்க வாசல்வரைக்கும் வந்து திரும்பிடுவேன் ஐயா. அவன் சொன்னதை அப்படியே சொல்லணும். எனக்குத்தான் வார்த்தை நிக்காதே. பாதி மறந்துட்டுச் சொன்னா என்னவாகும்னு பயம். அதான் எழுதி வெச்சேன். எழுதினப்புறம் வேற யார் வாயாலயாவது சொன்னாத்தான் வரும்னு தோணுச்சு." நடிகன் கிண்ணத்தை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். இவர்தானா அது, என்றான். தேரோன் தலையாட்டினான். சொல்லு, என்றேன் நடிகனிடம். தகப்பனிடம் சொல் என்றதிலிருந்து. நடிகன் வாயைத் துடைத்துக்கொண்டான். முகமூடி இல்லாமல் அவன் குரல் சின்னதாக இருந்தது. "என் தகப்பனிடம் சொல், செத்தான் என்று. அவ்வளவு போதும் அவருக்கு, நீட்டினால் கோபம் வரும். தாயிடம் முழுவதும் சொல். அவள் எப்படி என்று கேட்பாள்."

நிறுத்தினான். "தகப்பனுக்கு உள்ளது இவ்வளவுதான் பெரியவரே. மிச்சமெல்லாம் தாய்க்கு. நீளம். இருட்டப்போகுது, சுருக்கமா வேணா …" வேண்டாம், என்றேன். கயிற்றுச் சுருளை இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். அவள் வீட்டில் இருக்கிறாள், இங்கே வர மாட்டாள். நான்தான் கொண்டுபோக வேண்டும். குழியிலிருந்து ஆரம்பி, என்றேன். ஒரு வார்த்தை விடாதே. அவன் ஆரம்பித்தான். குதிகால்கள் இரண்டையும் மண்ணில் அழுத்தி வைத்துக்கொண்டேன். முதல் வரியை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன், இரண்டாவதையும். மூன்றாவது தட்டியது. என் இடது காதுமடல் விரல்களுக்கு நடுவில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.